முன்னால் வந்தவர்கள்

விடிவதற்கு முன் தெற்கே மலை. கண்ணுக்குத் தெரிவதற்குள் முகத்துக்குத் தெரிந்துவிடுகிறது. தென்னந்தோப்புகளைக் கடந்து குளிர் இறங்கி வருகிறது.

வடக்கே பழனி. உச்சியில் விளக்குகள். நடை திறக்கும் நேரம்.

இரண்டுக்கும் நடுவே பாலசமுத்திரம். பழனிக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்புவது குறைவு. கும்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். கோயில் மலைக்கு முதுகுப்பக்கம் ஒரு ஊர் இருக்கிறது.

டீக்கடையில் பாய்லர் சத்தம். பெஞ்சில் இருவர். பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

*

கரும்பு ஏற்றிய டிராக்டர் போகிறது. ரோட்டில் சோகை சிந்திக் கிடக்கிறது. ஒரு எருமை நின்று அதைப் பொறுக்குகிறது. பின்னால் வந்த வண்டிகள் ஒதுங்கிப் போகின்றன.

யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

*

ஒரு குடும்பம் வருகிறது. ஊர் பிறகு வருகிறது. பழைய கதைகள் எல்லாம் இந்த வரிசையில்தான் சொல்கின்றன.

16-ஆம் நூற்றாண்டு. மதுரையில் விசுவநாத நாயக்கர். தளவாய் அரியநாத முதலியார் நாட்டைப் பாளையங்களாக வகுத்தார் என்பது வழக்கு. பாளையம் 72. மதுரைக் கோட்டையின் கொத்தளங்களும் 72. ஆளுக்கு ஒரு கொத்தளம் காக்க வேண்டும். வசூலில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு வீட்டுக்கு.

பழனிக்கும் ஒரு பாளையக்காரர். தெலுங்கு பேசும் நாயக்கர் குடும்பம். பாளையத்துக்குப் பெயர் பழனி. குடியிருப்பு இங்கே.

ஊர் எல்லையில் நின்றால் காரணம் தானே தெரிகிறது. முதுகுக்கு மலை. பக்கத்தில் ஆறு. கண்ணெதிரே கோயில். வடக்கிலிருந்து தூசி கிளம்பினால் வெகு தூரத்திலேயே தெரியும்.

*

தூசி எதுவும் கிளம்பவில்லை. ஒரு மினி பஸ் வருகிறது.

*

வேலாயுதச் சின்னோப நாயக்கர். பழனிப் பாளையக்காரர்களில் ஒருவர். கொஞ்ச நேரம் இந்தப் பெயரோடு மட்டும் இருக்கிறேன்.

வேலாயுதம், எதிரே தெரியும் முருகன் மலையிலிருந்து வருகிறது. ஓபன், ஓபுளன் என்பதெல்லாம் தெலுங்கு நாட்டில் அகோபிலத்து நரசிங்கனை நினைத்து வைக்கிற பெயர். அந்த அகோபிலம் நல்லமலைக் காட்டுக்குள் இருக்கிறது. ஒன்பது நரசிங்கர்கள். எத்தனையோ ஆறுகளுக்கு அப்பால்.

வந்த மலையும் இருக்கும் மலையும் ஒரே ஆளின் பெயரில். கூப்பிடுகிறவர்கள் இதை நினைத்திருக்கப் போவதில்லை.

*

பெருமாள் கோயிலுக்குள் கல் குளிர்ந்திருக்கிறது. அகோபில வரதராஜப் பெருமாள். இங்கேயும் அகோபிலம்.

தீர்த்தத்தில் துளசி, பச்சைக்கற்பூரம். உள்ளங்கையில் விழுந்தது விரலிடுக்கில் வழிகிறது. சடாரி தலையில் ஒரு கணம் இருந்துவிட்டுப் போகிறது. எடை தெரிவதற்குள் எடுத்துவிடுகிறார்கள்.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இங்கே கூட்டம். மற்ற நாளில் புறா.

முருகனின் ஊருக்குப் பக்கத்தில் பெருமாளைக் கும்பிட்ட குடும்பம், முருகனுக்கும் காவலாக இருந்தது. இதில் முரண் இருப்பதாக இந்தப் பக்கம் யாரும் பேசிக் கேட்டதில்லை. கார்த்திகைக்கு அங்கே போகிறார்கள். சனிக்கிழமைக்கு இங்கே வருகிறார்கள்.

பிராகாரத்தில் ஒரு எறும்பு வரிசை. நிழலை விட்டு வெயிலுக்குள் போகிறது.

*

கம்பளத்து நாயக்கர் வீடுகளில் ஒரு கதை உண்டு.

வடக்கே ஒரு துருக்க ராஜா பெண் கேட்கிறான். கொடுக்க மனமில்லை. இரவோடு இரவாகக் கிளம்புகிறார்கள். பின்னால் குதிரைப்படை. முன்னால் ஆறு, கரை புரண்ட வெள்ளம். இரு கரையிலும் நின்ற புங்கமரங்கள் வளைந்து குனிந்து ஒன்றையொன்று தொடுகின்றன. அதன்மேல் நடந்து கடக்கிறார்கள். கடந்ததும் மரங்கள் நிமிர்ந்துகொள்கின்றன.

அதனால் புங்கமரத்துக்கு மரியாதை.

கதையில் பெண் இருக்கிறாள், ராஜா இருக்கிறான், மரம் இருக்கிறது. மாட்டை ஓட்டி வந்தவன், உலை வைக்கக் கல் தேடியவள், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள், யாரும் இல்லை. கதை அவ்வளவு பேரைத் தாங்காது போல. மரம் தாங்கியிருக்கிறது.

*

ரோட்டோரம் ஒரு புங்கமரம். உதிர்ந்த பூ தரையில் வெளுத்துக் கிடக்கிறது. நிழல் அடர்த்தி. நிழலில் ஒரு ஸ்கூட்டி, ஒரு நாய், காலைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் கீரைக்காரம்மா.

விலை கேட்கிறவருக்குத் தமிழில் பதில். பக்கத்தில் நிற்கும் பேத்தியிடம் தெலுங்கில் ஒரு அதட்டல். பேத்தி "அவ்வா" என்று இழுக்கிறாள். பிறகு தமிழில் சண்டை போடுகிறாள்.

உள்மொழி, வெளிமொழி. வாசற்படிதான் எல்லை. குழந்தைக்கு அந்தப் படியும் இல்லை.

*

குளம் வெட்ட ஆள் வேண்டும்.

ஒரு குடும்பம் கரையில் நின்று கை காட்டலாம். மண்ணை வெட்டியவர்கள் ஒட்டர். அவர்கள் தங்களைப் போயர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களும் வடக்கேயிருந்து வந்தவர்கள்தாம். அவர்களும் வீட்டில் தெலுங்கு. புங்கமரத்துக் கதையில் அவர்கள் இல்லை.

ஆண் வெட்டுகிறான். பெண் சுமக்கிறாள். சும்மாடு, அதன்மேல் கூடை. கழுதைகளும் சுமக்கின்றன. கூலி நாள் கணக்கு இல்லை, குழிக் கணக்கு. தோண்டின ஆழத்தை அளக்க நடுவில் ஒரு மண்தூணைத் தொடாமல் விட்டுவைக்கிறார்கள். சுற்றிலும் தரை கீழே இறங்க இறங்கத் தூண் உயர்கிறது. பழைய தரையின் புல் அதன் தலையில் அப்படியே இருக்கிறது. அளந்து, கூலி பேசி முடிந்ததும் அதையும் வெட்டிவிடுகிறார்கள்.

தண்ணீர் வருவதற்கு முன், அந்தத் தூணின் உச்சிதான் ஊரின் பழைய உயரம். ஒரு நாளைக்கு. அல்லது இரண்டு நாளைக்கு.

இதைப் பற்றி இன்னும் ஏதோ எழுத வருகிறது. விட்டுவிடுகிறேன்.

*

கிணற்றிலிருந்து கமலை இறைக்கத் தோல்பை வேண்டும். பைக்குத் தோல் பதப்படுத்தி, அறுத்து, தைக்கக் கை வேண்டும். அருந்ததியர் கை. இந்தப் பக்கத்தில் அவர்கள் வீட்டிலும் தெலுங்கு கேட்கும்.

வயலில் இறங்க ஆள் வேண்டும். நாற்றுப் பறிக்க, நட, களை எடுக்க, அறுக்க. வயலில் இறங்கியவர்கள், வந்த யாருக்கும் முன்னாலிருந்தே இங்கே இருந்தவர்கள். பள்ளுப் பாட்டுகள் எல்லாம் அவர்கள் பெயரில்தான் நடக்கின்றன. பாடிப் பரிசு வாங்கியது புலவர்கள்.

பானைக்குக் குயவர். கலப்பைக்குத் தச்சர், கொழுவுக்குக் கொல்லர். துணிக்கு நெசவு. பிறகு மளிகை. பிறகு பள்ளிக்கூடம். பிறகு பேரூராட்சி அலுவலகம்.

தோல்பை தைத்தவர்கள் அந்தத் தோல்பை இறைத்த கிணற்றில் குடிக்க இறங்க முடிந்ததில்லை. இதையும் இங்கேயே வைக்கிறேன். ஊர் வளர்ந்த கதையைச் சொல்லும்போது இந்த ஒரு வரி வழக்கமாகக் காணாமல் போகிறது.

*

பகல் பதினொன்று. வெயில் ஏறிவிட்டது. மலை இப்போது நீலமாக, கொஞ்சம் தள்ளிப் போனது போல.

கண்ணை மூடினால் பம்ப்செட் சத்தம். திறந்தாலும் அதே.

*

நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு ஆலைக்கொட்டகை. பழனி வட்டாரத்து வெல்லம் எல்லாம் இப்படிப்பட்ட கொட்டகைகளிலிருந்துதான்.

அகலமான இரும்புக் கொப்பரை. கீழே காய்ந்த கரும்புச்சக்கை எரிகிறது. சாறு கொதிக்கக் கொதிக்க அழுக்கு நுரை மேலே ஒதுங்குகிறது. நீண்ட காம்பு வைத்த கரண்டியால் ஒருவர் அதை வழித்து எறிகிறார். சாறு பச்சையாக இருந்தது, பிறகு மஞ்சள், பிறகு தேன் நிறம். கொப்பளம் முதலில் சின்னச் சின்னதாக, அப்புறம் பெரிதாக, சோம்பலாக வெடிக்கிறது. பதம் பார்க்கிறவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுகிறார். உருண்டால் இறக்கலாம்.

எந்த நொடியில் சாறு வெல்லமாகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆகிவிட்டிருக்கிறது.

உடம்பெல்லாம் இனிப்பு வாடை. ஈ மொய்க்கிறது.

*

1755. திண்டுக்கல் கோட்டைக்கு ஹைதர் அலி வருகிறார். பாளையக்காரர்கள் ஒவ்வொருவராகப் பணிகிறார்கள், சிலர் பணிவது போல் இருக்கிறார்கள். பிறகு திப்பு. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திண்டுக்கல் சீமை ஒரு கையெழுத்தில் கம்பெனிக்குப் போகிறது.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பழனிப் பாளையமும் கம்பெனியின் கைக்குள்.

கிழக்கே விருப்பாச்சி. அங்கே கோபால் நாயக்கர் சுற்றுப்புறத்துப் பாளையக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்க்கிறார். 1801-ல் தூக்கு. திண்டுக்கல்லில் கோபாலசமுத்திரம் குளக்கரையைக் காட்டி, இங்கேதான் என்கிறார்கள்.

வயலில் அந்த வருஷமும் நாற்று நட்டிருப்பார்கள். மழை வந்திருந்தால்.

*

குடும்பம் இறங்கிவிடுகிறது. ஊர் இருக்கிறது.

காவல் போலீசுக்குப் போகிறது. கணக்கு கர்ணத்துக்கு. வரி கலெக்டருக்கு. கோட்டையின் கல் அடுத்த வீட்டுக்கு. எல்லா ஊரிலும் அப்படித்தான். ஜமீன் என்ற சொல் 1948-ஆம் வருஷச் சட்டத்தோடு காகிதத்தில் முடிகிறது. பேச்சில் முடியவில்லை. வழி கேட்டால் இன்னும் அதைச் சொல்லித்தான் கை காட்டுகிறார்கள்.

தெருவில் போகும் யார் முகத்தில் அந்தக் குடும்பத்துச் சாயல் இருக்கிறது? கேள்வி எழுகிறது. முகங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பால்கேன் கட்டிய வண்டி. சீருடைப் பிள்ளைகள். முழங்கால்வரை வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர்.

கேள்வியும் அவர்களோடு போய்விடுகிறது.

*

தெருவுக்கு மேலே ஒரு பருந்து வட்டம் போடுகிறது. அதன் நிழல் ஓட்டின்மேல் ஏறி, சந்தில் விழுந்து, எதிர் ஓட்டின்மேல் ஏறுகிறது.

*

தென்மேற்கே பொருந்தல்.

மலையடிவாரம், ஆற்றங்கரை. ஒரு மேட்டுக்குப் பாசிமேடு என்று பெயர். மழை பெய்தால் பாசிமணி தலைகாட்டும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பொறுக்கியிருப்பார்கள். யாரும் அதைச் செய்தியாக நினைத்திருக்க மாட்டார்கள்.

2009, 2010. புதுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினரோடு வந்து தோண்டுகிறார். மேட்டில் கண்ணாடி மணி செய்த உலை. மணிகள் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. இடுகாட்டில் கற்பதுக்கைகள். ஒரு கல்லறைக்குள் ஆயிரக்கணக்கில் மணிகள். சூதுபவளமும் உண்டு.

அதே கல்லறையில் நான்கு கால் வைத்த ஒரு சாடி. சாடிக்குள் நெல். ஏறக்குறைய 2 கிலோ.

ஒரு நெல்மணியின் வயதை அமெரிக்காவில் ஒரு ஆய்வகம் அளக்கிறது. கி.மு. 490.

*

நெல்.

இரண்டு கிலோ என்பது கையில் பிடித்தால் தெரிகிற எடை. சின்ன வீட்டுக்கு ஒரு நாள், இரண்டு நாள் சோறு.

யாரோ அளந்து போட்டிருக்கிறார்கள். அளந்தது ஒரு கை. அந்தக் கையில் மணி கோத்த வளை இருந்திருக்கலாம். கொட்டும்போது எழும் அந்தச் சலசல சத்தம், அது மட்டும் இன்றைக்கும் அதேதான். கடையில் மூட்டையைச் சாய்க்கும்போது கேட்கிறது.

போகிறவருக்கு வழியில் பசிக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

*

அதே கல்லறையில் ஒரு மண் புரிமனை. அதில் கீறிய எழுத்து. தமிழ் பிராமி. மூன்றே எழுத்து: வ, ய், ர. பக்கத்தில் மணியைப் போல ஒரு குறி. எழுத்தின் வயதைப் பற்றி அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. நெல்லின் வயதை எழுத்துக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று.

வழக்கு நடக்கட்டும். யாரோ ஒருவர் அந்த மண்ணில் கூரான எதையோ அழுத்தியிருக்கிறார். முதல் கோடு கொஞ்சம் தயங்கியிருக்கும்.

சங்கப் புலவர்களில் ஒருவர் பொருந்தில் இளங்கீரனார். அவர் ஊர் இதுவே என்று பேராசிரியர் ராஜன் கருதுகிறார். இருக்கலாம். ஆற்றங்கரையில் உட்கார்ந்து பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. நம்பத் தோன்றுவது ஆதாரம் ஆகாது.

*

பாளையக்காரர் குடும்பம் வந்து ஐந்நூறு வருஷம் இருக்குமா. அந்த நெல் போட்டு இரண்டாயிரத்து ஐந்நூறு.

இதற்கு நடுவே பேகன். ஆவியர் குடி. பொதினி மலை. குளிரில் மயில் நடுங்குகிறதென்று போர்வையைக் கொடுத்தவன். மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது, திரும்பிப் போ என்று கபிலரும் பரணரும் பாடும்படி ஆனவனும் அவன்தான். போர்வைக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். மற்றதைச் சொல்வதில்லை.

மேலே மலையில் பளியர், புலையர். அவர்களுக்கு முன்னால் யார் என்று மலையைக் கேட்க வேண்டும்.

முதல் குடும்பம் என்று எதன்மேலாவது விரலை வைக்கப் போகிறேன். விரலுக்குக் கீழே இன்னொன்று.

*

மயில் அகவுகிறது. தோப்புக்குள்ளிருந்து.

கொடுத்த போர்வை எதுவும் இல்லாமல், இந்த வெயிலில் நன்றாகத்தான் இருக்கிறது. விவசாயிகளுக்குத்தான் அதன்மேல் கோபம். விதைத்ததைக் கிளறிவிடுகிறது.

*

அணை.

1970-களில் கட்டியது. பாலாறு, பொருந்தலாறு. மலையிலிருந்து தனித்தனியாக இறங்குகிறவை ஒரு கரைக்குப் பின்னால் நிற்கின்றன. முழு நீர்மட்டம் 65 அடி. மழைக்காலத்தில் நாளிதழ் தினமும் அந்த எண்ணைப் போடுகிறது. பக்கத்தில் வரதமாநதி அணைக்கு 66.47. ஊரில் பெரியவர்கள் சிலர் சாமி நாள் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்கிறார்கள்.

இந்தத் தண்ணீர் சண்முகநதியாகப் போகும். சண்முகநதி அமராவதிக்கு. அமராவதி காவிரிக்கு. இங்கே மடையில் தப்பிய துளி கடலுக்குப் போக வாய்ப்பிருக்கிறது. பெரும்பாலும் போவதில்லை. நடுவில் யாருக்காவது வயல் இருக்கிறது.

அணைக்கரையில் காற்று. சட்டை உடம்போடு ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. எதிரே தண்ணீரில் மலை தலைகீழாக. ஒரு நீர்க்காகம் முங்குகிறது. எங்கே எழும் என்று பார்த்த இடத்தில் எழவில்லை.

*

இந்த அணைக்கு எந்தக் குடும்பத்துப் பெயரும் இல்லை. ஆற்றுப் பெயர்தான். கல்வெட்டில் மந்திரிகள் பெயர் இருக்கும். படிக்க யாரும் நிற்பதில்லை.

மண் சுமந்தவர்கள் இந்த முறையும் எங்கிருந்தோ வந்து கொட்டகை போட்டுத் தங்கியிருப்பார்கள். வேலை முடிந்ததும் சிலர் போயிருப்பார்கள். சிலர் போகவில்லை.

*

சாயங்காலம் யானையைப் பற்றிப் பேச்சு.

மலையடித் தோட்டங்களில் இரவு இறங்குகிறது. தென்னங்குருத்து, வாழை, கரும்பு. ஒருவர் சேதத்தைக் கையால் விரித்துக் காட்டுகிறார். கோபமாகத் தொடங்கி, அதன் காலடி அகலத்தைச் சொல்லும்போது குரலில் வேறு ஏதோ வருகிறது.

"அதுக்கும் தடம் இதுதானுங்க. நாமதான் நடுவுல தோட்டம் போட்டோம்."

பக்கத்தில் இருந்தவர், "தோட்டம் யாருது, உங்களுதா? சொல்றது லேசு" என்கிறார்.

சிரிப்பு. சிரிப்புக்குப் பிறகு ஒரு இடைவெளி. டீ கிளாஸ் வைக்கும் சத்தம்.

*

குடிமராமத்து என்று ஒரு ஏற்பாடு இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து வாய்க்கால் தூர் வார வேண்டும். வீட்டுக்கு ஆள். வராதவன் ஈடு கட்ட வேண்டும். பாளையம் போன பிறகு அந்தப் பழக்கம் தளர்கிறது. 1858-ல் மதராஸ் அரசு அதற்காக ஒரு சட்டமே போடுகிறது. மண்வெட்டியைச் சட்டம் எடுக்காது. 2016, 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் கொண்டுவருகிறது. இந்த முறை பொக்லைன்.

எனக்குப் பொக்லைன்மேல் வருத்தம் எதுவும் இல்லை. ஒரு நாளில் முடித்துவிடுகிறது. பத்து வீட்டுக்காரர்கள் வாய்க்காலுக்குள் நின்று வாய்ச்சண்டை போட ஒரு நாள் குறைந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். ஊர் என்பது அந்தச் சண்டையில் கொஞ்சம் இருந்ததோ என்னவோ.

*

கரையோரம் நடை. ஈரமண் செருப்பில் ஒட்டிக் கனக்கிறது. கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். மண் வெதுவெதுப்பு. இரண்டு அடி தள்ளி, நிழல் விழும் இடத்தில், சில்.

தவளை ஒன்று. பல. நின்றால் நிறுத்துகின்றன. நடந்தால் தொடங்குகின்றன.

*

செங்கல் சூளைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் அடுப்பு. உள்ளேயிருந்து வேறு ஒரு மொழி. ஒடியாவாக இருக்கும். ரொட்டி வேகும் வாடை. ஒரு சின்னப் பையன் சைக்கிள் டயரைக் குச்சியால் உருட்டிக்கொண்டு ஓடுகிறான். கூட ஓடும் இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் தமிழில் கத்துகிறான். பழனித் தமிழ். "ங்க" எல்லாம் வருகிறது.

அம்மா உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். அவள் மொழியில் பதில் சொல்லிக்கொண்டே டயரை உருட்டுகிறான்.

டயர் ஒரு கல்லில் பட்டுத் திரும்புகிறது. அவனும் திரும்புகிறான்.

*

வெல்லப் பாகு போல ஒரு வெளிச்சம். மேற்கு மலைமேல் கொஞ்ச நேரம் நின்று, கெட்டியாகி, இருண்டுவிடுகிறது.

பழனியில் விளக்கு. விஞ்சு போகும் பாதையில் ஒரு வரிசை, படிக்கட்டில் ஒரு வரிசை. இங்கிருந்து பார்த்தால் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று தெரியாது.

*

ஒரு குடும்பத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். பெயர் தெரிந்தது அவர்களுக்குத்தான். பெயர் இருப்பதால் அவர்கள் நடுவில் நிற்கிறார்கள். ஊர் அவர்களைச் சுற்றி வட்டமாக. பெயரை எடுத்துவிட்டுப் பார்க்கிறேன். வட்டம் அப்படியே இருக்கிறது. நடுவில் ஒரு மடை, அதில் தண்ணீர் போகிறது.

திரும்பப் பெயரை வைத்துப் பார்க்கிறேன். அதிலும் தப்பில்லை. யாரோ ஒருவர் இங்கே இருக்கலாம் என்று முதலில் வாய்விட்டுச் சொல்லியிருப்பார். தெலுங்கிலோ, அதற்கு முன் வேறு எதிலோ. மற்றவர்கள் சுமையை இறக்கியிருப்பார்கள்.

எண்ணம் இந்த இடத்தில் ஓய்கிறது. ஓயட்டும்.

*

வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி அரிசி புடைக்கிறாள். முறம் ஏறி இறங்குகிறது. உமி ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம். டிவியில் சீரியல். கண் டிவியில், கை முறத்தில். ஒரு கல் அகப்படுகிறது. பார்க்காமலே எடுத்துத் தெருவில் எறிகிறாள்.

*

காலை. டீக்கடையில் கூட்டம். மடை எப்போது திறப்பது என்று பேச்சு. மேல்மடைக்காரர்களுக்கு நாற்று தயார். கீழ்மடையில் இன்னும் உழவே ஓட்டவில்லை. டிராக்டர் வாடகை ஏறிவிட்டது என்கிறார் ஒருவர். அதிகாரியிடம் மனு கொடுத்தாயிற்று என்கிறார் இன்னொருவர். பேப்பர் கை மாறுகிறது. அணை நிலவரம் இருக்கும் பக்கம் வெளியே மடிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை கூடிப் பேசலாம் என்று முடிவாகிறது. யார் யாருக்குச் சொல்லிவிடுவது என்பதில் மறுபடி பேச்சு தொடங்குகிறது.